ஒரு ஏ3 தாள், நாற்பது வரிசை: எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு வேலைத்திட்ட மென்பொருள் தேடியது

எங்கள் அலுவலகச் சுவரில் இப்போது ஓர் ஏ3 தாள் ஒட்டியிருக்கிறது. எந்தக் கண்மாயில் எந்த வாரம் என்ன வேலை என்று அதில் இருக்கிறது. இருப்பது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கிறது. இதற்கு முன்னால் எங்களிடம் திட்டம் என்று மூன்று இருந்தன: நிதி கொடுப்பவருக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் ஓர் அட்டவணை, ஒருங்கிணைப்பாளர் அக்காவின் டைரி, அப்புறம் வாட்ஸ்அப் குழு. மூன்றும் மூன்று தேதி சொல்லும். அதைச் சரிசெய்ய இறங்கி, சில மென்பொருள்களைப் போட்டுப் பார்த்து, கடைசியில் எங்கே வந்து நின்றோம் என்பதை எழுதி வைக்கிறேன். சின்ன நிறுவனத்தில் 'கம்ப்யூட்டர் தெரிந்த ஆள்' என்று பெயர் வாங்கி மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

நாங்கள் சிவகங்கைப் பக்கம். கண்மாய் தூர்வாருவது, மடை, கலுங்கு (மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) பழுது பார்ப்பது, மகளிர் குழுக்களோடு வீட்டுத்தோட்டம், சில பள்ளிகளில் கழிப்பறை. மொத்தம் 14 பேர். மேசையில் உட்கார்ந்து கணினி பார்ப்பவர்கள் கணக்காளர் சார், அலுவலகத்தில் இருக்கும் தங்கச்சி ஒருத்தர், நான். மற்ற எல்லோரும் களத்தில். கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கும். அதில் ஸ்டோரேஜ் எப்போதும் நிறைந்தே இருக்கும். புதிதாக ஓர் ஆப் போடச் சொன்னால் முதலில் எந்தப் போட்டோவை அழிப்பது என்ற பேச்சுதான் வரும்.

கண்மாய் வேலைக்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. அறுவடை முடிந்து, தண்ணீர் வற்றி, உள்வாய், அதாவது கண்மாயின் உட்பகுதி, காய்ந்த பிறகுதான் பொக்லைன் இறங்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரம் வாக்கில் தொடங்கிவிடும். போட்ட மண் கரையில் அமர வேண்டுமே, அதனால் செப்டம்பர் நடுவில் மண் வேலை முடிந்திருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தால் அனுமதியில் வந்து முட்டும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். இரண்டு இடத்திலும் எங்கள் மனுவோடு கிராம சபைத் தீர்மானத்தை இணைத்துக் கொடுப்போம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 1ஐ விட்டுவிட்டால் அடுத்தது ஆகஸ்ட் 15. அந்தக் கண்மாய் அந்த வருடம் அவ்வளவுதான். சிறப்புக் கூட்டம் கூட்டலாம்தான், அதை நம்பித் திட்டம் போட முடியாது.

ஆக எங்களுக்குத் தேவையானது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு தேதி நழுவினால் அதன் பின்னால் என்னென்ன நழுவும் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது களத்தில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் மூன்று நிபந்தனைகளை எழுதி வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே அக்கா தன் போனில் அடுத்த இரண்டு வார வேலையைத் தமிழில் பார்க்க முடிய வேண்டும். முழு வருடத்தையும் ஒரே தாளில் அச்செடுக்க முடிய வேண்டும். பணம் கட்டுவதென்றால் அறக்கட்டளையின் கணக்கிலிருந்து கட்ட முடிய வேண்டும். மூன்றாவதை அப்போது ஒப்புக்குத்தான் எழுதினேன். கடைசியில் பாதி மென்பொருளைக் கழித்துக்கட்டியது அதுதான்.

கோட்டுப் படம்

நிதி கொடுக்கும் நிறுவனம் ஒன்று மாதிரித் திட்டம் என்று ஒரு கோப்பை அனுப்பியிருந்தது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் செய்த எம்பிபி கோப்பு. அந்த மென்பொருள் எங்களிடம் இல்லை. ப்ராஜெக்ட்லிப்ரே என்ற இலவச மென்பொருள் அந்தக் கோப்பைத் திறக்கும். அதை இறக்கிப் போட்டேன், திறந்தது. வேலைகள் இடது பக்கம், கோடுகள் வலது பக்கம், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி. இதைத்தான் கான்ட் சார்ட் என்கிறார்கள்.

அதைப் பார்த்துவிட்டு எங்கள் திட்டத்தை கான்ட்ப்ராஜெக்ட் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் போட்டேன். இது திறமூல மென்பொருள், கணினியிலேயே ஓடும், இன்டர்நெட் வேண்டாம். கிராம சபைத் தீர்மானம், மனு, அளவீடு, அனுமதி, இயந்திரம் பேசுவது, வரத்துக் கால்வாய், உள்வாய், கரை, மடை என்று ஒவ்வொன்றாகப் போட்டு, எது முடிந்தால் எது தொடங்கும் என்று இணைத்தேன். அனுமதியை இரண்டு வாரம் தள்ளிப் பார்த்தேன். கரை வேலை நேராக அக்டோபருக்குப் போய் உட்கார்ந்தது. வருடா வருடம் எங்களை அலைக்கழிக்கிற விஷயம் ஒரே நொடியில் திரையில் தெரிந்தது. அந்த மதியம் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

மறுநாள் அக்காவிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, நான் எப்ப செப்டம்பர் எட்டுனு சொன்னேன்?" அவர் சொல்லவில்லை. முந்தின வேலை நகர்ந்ததால் மென்பொருள் தானாக நகர்த்திய தேதி அது. விளக்கினேன். தலையை ஆட்டினார். ஆனால் அதன்பிறகு அந்தத் தாளில் இருக்கும் எந்தத் தேதியையும் அவர் தன்னுடைய தேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் சொல்லாத தேதியை யாரும் காப்பாற்ற மாட்டார்கள் என்பது எனக்கு அங்கே உறைத்தது.

இன்னொரு சங்கடம், கோப்பு என் மடிக்கணினியில் மட்டும் இருந்தது. நான் லீவில் போனால் திட்டமும் லீவு.

கான்ட்ப்ராஜெக்டை இன்னும் வைத்திருக்கிறேன். வருட ஆரம்பத்தில் எது எதில் இடிக்கும் என்று சோதித்துப் பார்க்க மட்டும். அதற்கு அதைவிட நல்லது, காசில்லாமல், நான் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு அதைக் காட்டுவதில்லை.

அட்டைப் பலகை

அடுத்து ட்ரெல்லோ என்ற இணையச் சேவை. செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது என்று மூன்று பட்டியல். ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை. விரலால் இழுத்துப் பக்கத்துப் பட்டியலில் போடலாம். புரிய வைக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் குழுவில் இருக்கும் இளைஞர்கள் இருவருக்கும் ரொம்பப் பிடித்துப்போனது.

கண்மாய் வேலைக்கு இது ஒத்துவரவில்லை. பலகை என்பது இப்போது எது யார் கையில் இருக்கிறது என்று காட்டுவதற்கு. எங்கள் தலைவலி காலம். ஜூனில் 'செய்ய வேண்டியது' பட்டியலில் முப்பது அட்டை நின்றது. அதில் எது இந்த வாரம் செய்யாவிட்டால் கண்மாயே போய்விடும், எது செப்டம்பர் வரை தாங்கும் என்பது பலகையைப் பார்த்துத் தெரியாது. காலக்கோட்டுப் பார்வை ட்ரெல்லோவிலும் உண்டு, கட்டணத் திட்டத்தில்.

சரி, கட்டிவிடலாமா என்று கணக்குப் போட்டோம். இலவசத் திட்டத்தில் ஒரு குழுவுக்குப் பத்து பேர் வரைதான். நாங்கள் 14. அடுத்த படி, வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஆளுக்கு மாதம் 5 டாலர். 14 பேர், 12 மாதம், 840 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் 71,400 ரூபாய். வெளிநாட்டு இணையச் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 84,252. காலக்கோடு வேண்டுமென்றால் ஆளுக்கு 10 டாலர் திட்டம், அப்படியே இரட்டிப்பு. இந்த மாதிரி நிறுவனங்கள் பல, தொண்டு அமைப்புகளுக்குத் தள்ளுபடி தருகின்றன. விண்ணப்பித்து வாங்கலாம். விலைப் பக்கத்தில் 'ஆளுக்கு, மாதத்துக்கு' என்று சின்ன எழுத்தில் இருப்பதை மட்டும் முதலில் பன்னிரண்டாலும் ஆள் எண்ணிக்கையாலும் பெருக்கிவிட்டு மேலே படியுங்கள்.

இந்த இடத்தில் கணக்காளர் சார் இரண்டு கேள்வி கேட்டார். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? வெளிநாட்டு நன்கொடைப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020 சட்டத் திருத்தத்துக்கு முன் 50 சதவீதம் வரை போகலாம். இப்போது ஒவ்வொரு ஆயிரத்துக்கும் இடம் பார்க்க வேண்டும். உள்ளூர் நன்கொடையிலிருந்து எடுக்கலாம் என்றால், அடுத்த கேள்வி: எதை வைத்துக் கட்டுவது? எங்கள் கணக்கில் காசோலை என்றால் இரண்டு அறங்காவலர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப்பட்ட கணக்குக்கு டாலரில் செலவழிக்கும் அட்டை கிடையாது. என் சொந்த கார்டில் கட்டிவிட்டு ரசீது காட்டி வாங்கிக்கொள்ளலாம். ஒரு தடவை செய்யலாம், வருடா வருடம் தணிக்கையில் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதோடு, தானாகப் பிடிக்கும் கட்டணம் 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேண்டும். கார்டு யாருடையதோ அவர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பலகையை முழுக்கத் தூக்கிப் போடவில்லை. கணக்காளர் சாரும் நானும் மட்டும் ஒன்றை வைத்திருக்கிறோம், அதில் சட்டப்படியான தேதிகள்: நன்கொடை விவரம் 10பிடி மே 31, தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30, வருமான வரிப் படிவம் அக்டோபர் 31, வெளிநாட்டு நன்கொடைக்கான ஆண்டறிக்கை எஃப்சி-4 டிசம்பர் 31. அரசு நாள் நீட்டித்தாலும் அட்டையில் பழைய தேதியே இருக்கும் என்பது சாரின் உத்தரவு. இருவர் மட்டும் பார்க்கும் இந்த வகை வேலைக்கு அட்டை அருமையாக இருக்கிறது.

இடையில் வேறொரு சேவையையும் ஒரு மாத இலவசச் சோதனையில் போட்டுப் பார்த்தோம். பெயர் வேண்டாம். பார்க்க அழகு. சோதனைக் காலம் முடிந்ததும் வரைபடம் பூட்டிக்கொண்டது. தரவை மட்டும் சிஎஸ்வி கோப்பாக, அதாவது வடிவமைப்பு எதுவும் இல்லாத வெறும் எழுத்தாக, எடுக்க விட்டார்கள். எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் எல்லாம் சிதைந்து கிடந்தது. பயப்பட வேண்டாம், எழுத்து போகவில்லை. எக்செலைக் காலியாகத் திறந்து, 'டேட்டா' பகுதியில் போய், கோப்பை அங்கிருந்து உள்ளே எடுத்து, எழுத்துக் குறியீடு கேட்கும்போது யுடிஎஃப்-8 என்று கொடுத்தால் சரியாக வரும். எந்தச் சேவையில் சேர்வதாக இருந்தாலும், முதல் நாளே ஐந்து வரிசை தமிழில் போட்டு, வெளியே எடுத்து, திறந்து பார்த்துவிடுங்கள்.

கடைசியில் ஷீட்

கூகுள் ஷீட் என்ற இணைய விரிதாளுக்கு வந்ததற்குக் காரணம் அதன் திறமை இல்லை. எல்லோருடைய போனிலும் கூகுள் கணக்கு ஏற்கெனவே இருந்தது. இணைப்பை அனுப்பினால் பிரௌசரிலேயே திறக்கும். பணம் இல்லை. பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு கூகுள் தன் அலுவலக மென்பொருள் தொகுப்பான வொர்க்ஸ்பேஸையே இலவசமாகத் தருகிறது. சரிபார்ப்பு முடியக் கொஞ்ச காலம் ஆகும். பதிவுச் சான்றிதழிலும் பான் கார்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதற்காகக் காத்திருக்காமல் சாதாரண ஜிமெயிலில் தொடங்கினோம். ஆனால் யார் பெயரிலும் இல்லாமல், அலுவலகத்துக்கு என்று ஒரு பொதுக் கணக்கு. கோப்பு அந்தக் கணக்கின் சொத்து. ஆள் வேலையை விட்டுப் போனால் கோப்பும் கூடவே போன கதை எங்களிடம் பழையது ஒன்று உண்டு.

முதலில் காகிதத்தை அளந்தேன். இதை மட்டும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னாலேயே செய்திருக்கலாம். ஏ3 என்பது 420க்கு 297 மில்லிமீட்டர். சுற்றிலும் 10 மி.மீ. ஓரம் விட்டால் அகலத்தில் 400, உயரத்தில் 277. இடது பக்கம் வேலை, பொறுப்பு, தொடக்கம், முடிவு, நிலை என்று ஐந்து நெடுவரிசைக்கு 150 மி.மீ. மீதி 250ஐ 52 வாரத்துக்குப் பிரித்தால் ஒரு வாரம் 4.8 மி.மீ. நின்றபடி பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். உயரத்தில், ஒரு வரிசை 6.5 மி.மீ. இருந்தால்தான் மூக்குக்கண்ணாடி இல்லாமல் அக்காவால் படிக்க முடிகிறது. தலைப்புக்கு இடம் விட்டால் 40 வரிசை. அவ்வளவுதான்.

இந்த 40 தான் திட்டத்தையே மாற்றியது. கான்ட்ப்ராஜெக்டில் என்னிடம் 140க்கு மேல் வரிசைகள் இருந்தன. 'டிப்பர்காரரிடம் பேசுதல்' எல்லாம் தனி வரிசை. இப்போது ஒரு கண்மாய்க்கு ஐந்து வரிசைதான் தர முடியும்: தீர்மானம், அனுமதி, வரத்துக் கால்வாயும் உள்வாயும், கரை, மடையும் கலுங்கும். ஐந்து கண்மாய்க்கு 25. வீட்டுத்தோட்டத்துக்கு ஆறு, கழிப்பறைக்கு ஆறு, மீதி மூன்று அறிக்கைக்கு. எதை வெட்டுவது என்று எல்லோரும் உட்கார்ந்து சண்டை போட்டோம். அந்தச் சண்டைதான் உண்மையில் திட்டமிடும் கூட்டம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே ஒரு பெயர், 'குழு' என்று எழுதக் கூடாது என்று முடிவானதும் அங்கேதான். முடிவுத் தேதியை அந்தப் பெயருக்கு உரியவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நான் தட்டச்சு செய்வேன். மென்பொருள் நகர்த்தாது.

பழைய ஊர்ப் பட்டியலை ஒட்டும்போது முதல் தடங்கல். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. ஷீட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து வந்தது. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவசக் கருவியில் போட்டு இப்போது எல்லாக் கருவியிலும் படிக்க முடிகிற யூனிகோடாக மாற்றினேன். மாற்றிய பிறகும் ஊர்ப் பெயர்களை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் சரிபார்த்தோம். கொம்பும் காலும் இடம் மாறிய பெயர்கள் சில இருந்தன.

இரண்டாவது தடங்கல் தேதி. இதற்குத்தான் அதிக நேரம் போனது. வாரக் கட்டங்களில் சில வேலைகளின் பட்டை சரியாக விழுந்தது, சில வேலைகளுக்கு வரவே இல்லை, ஒன்றிரண்டு சம்பந்தமில்லாத மாதத்தில் நின்றன. ஆகஸ்ட் 5இல் தொடங்க வேண்டிய வேலை மே மாதத்தில் இருந்தது. ஷீட்டின் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்திருக்கிறது. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. 05/08 என்று அடித்தால் மே 8. 15/08 என்று அடித்தால் பதினைந்தாவது மாதம் இல்லையே, அதனால் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: இடது, வலது, நடு என்று நீங்கள் எந்த ஒழுங்கும் கொடுக்காத கட்டத்தில், உண்மையான தேதி வலது ஓரம் ஒட்டி நிற்கும், எழுத்தாக மாறியது இடது ஓரம் போய்விடும். நான் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் வைத்திருந்ததால் அது தெரியாமலே போனது. கோப்பு மெனுவில் அமைப்புகளுக்குப் போய் நாட்டை இந்தியா என்று மாற்றினேன். ஏற்கெனவே மே 8 ஆகிவிட்டது தானாக ஆகஸ்ட் 5 ஆகாது. அந்த நெடுவரிசை முழுவதையும் மறுபடி அடித்தேன். மாதத்தை எண்ணாக இல்லாமல் எழுத்தில் காட்டும்படியும் வைத்துவிட்டேன். இனி யாரும் குழம்ப வழியில்லை.

பட்டைகளுக்கு 'நிபந்தனை வடிவமைப்பு' போதும். மேலே ஒவ்வொரு வாரக் கட்டத்திலும் அந்த வாரத் திங்கட்கிழமையின் தேதி. அந்தத் தேதி வேலையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் இருந்தால் கட்டத்துக்கு நிறம் போடு என்பதுதான் முதலில் நான் எழுதிய சூத்திரம். நீண்ட வேலைகளுக்குச் சரியாக வந்தது. கிராம சபைக்கு வரவில்லை. 2025 மே 1 வியாழக்கிழமை. ஒரு நாள் வேலை. அந்த வாரத் திங்கள் ஏப்ரல் 28, அது தொடக்கத்துக்கு முன்னால். அடுத்த திங்கள் மே 5, அது முடிவுக்குப் பின்னால். எங்கள் வருடத்தின் மிக முக்கியமான நாள் தாளில் இல்லவே இல்லை. சூத்திரத்தை மாற்றினேன்: திங்கட்கிழமை முடிவுத் தேதிக்குள் இருக்க வேண்டும், திங்களோடு ஆறு நாள் கூட்டினால் வரும் ஞாயிறு தொடக்கத் தேதியிலோ அதற்குப் பிறகோ இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் நிறம். சூத்திரத்தில் டாலர் குறியை ($) மறந்துவிடாதீர்கள். வாரத் தேதிக்கு வரிசை எண்ணின் முன்னால், வேலைத் தேதிக்கு நெடுவரிசை எழுத்தின் முன்னால்.

நிறத்தில் சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் போட்டு ஜோராக இருந்தது. எங்கள் ஊர்க் கடையில் ஏ3 கலர் பிரிண்ட் 30 ரூபாய், கறுப்பு வெள்ளை 10. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மூன்று நிறமும் ஒரே சாம்பல். அதனால் நிறத்தை விட்டுவிட்டு வெளிர் சாம்பல், அடர் சாம்பல், கறுப்பு என்று வைத்தேன்: தொடங்காதது, நடப்பது, முடிந்தது. மாதம் இரண்டு பிரதி, ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று களத்துக்கு. மாதம் 20 ரூபாய். மொத்தத் திட்டத்துக்கும் எங்கள் செலவு இதுதான்.

போனில் என்ன தெரிய வேண்டும்

52 வாரப் படத்தைப் போனில் பார்க்க முடியாது. அதனால் ஆளுக்கொரு சின்னத் தாள், அதே கோப்பில் கீழே அவரவர் பெயரில். ஃபில்டர் சூத்திரம் ஒன்று: பொறுப்பு இவர், நிலை முடியவில்லை, தொடக்கம் இன்றிலிருந்து 14 நாளுக்குள். நாலைந்து வரி வரும். அந்தத் தாளின் இணைப்பை ஒவ்வொருவர் போனிலும் முகப்புத் திரையில் குறுக்குவழியாக வைத்துக் கொடுத்தோம். புதிய ஆப் இல்லை, போட்டோவை அழிக்க வேண்டாம்.

முதல் வாரமே அக்காவிடமிருந்து போன்: "தம்பி, எல்லாம் போயிருச்சு." அவர் தன் தாளில் ஒரு வேலைக்குப் பக்கத்தில் இருந்த நிலைக் கட்டத்தைத் தொட்டு, 'முடிஞ்சது' என்று அடித்திருக்கிறார். சூத்திரம் விரித்துப் போடும் பட்டியலின் நடுவில் ஏதாவது அடித்தால், அது விரிய இடமில்லாமல் முழுப் பட்டியலும் மறைந்து மேலே பிழைச் செய்தி ஒன்று மட்டும் நிற்கும். அடித்ததை அழித்தால் திரும்பி வந்துவிடும், ஆனால் அது அக்காவுக்கு எப்படித் தெரியும்? அவர் செய்தது நூற்றுக்கு நூறு நியாயம். வேலை முடிந்தது, கண் முன்னால் கட்டம் இருக்கிறது, அடிக்கிறார். அந்தத் தாள்களைப் பூட்டி, பார்க்க மட்டும் என்று வைத்தேன்.

அப்புறம் நிலையைச் சொல்வது எப்படி? கூகுள் படிவம் ஒன்று செய்தேன், மூன்றே கேள்வி: எந்த வேலை, என்ன நிலை, குறிப்பு. குறிப்பைப் பேசியே தமிழில் அடிக்கலாம். இளைஞர்கள் இருவரும் இன்றுவரை அதில்தான் போடுகிறார்கள். மற்றவர்கள் யாரும் போடவில்லை. அவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறார்கள்: "கீழ மடை வேலை முடிஞ்சது தங்கச்சி, சிமென்ட் ரெண்டு மூட்டை மிச்சம்." அதைக் கேட்டுவிட்டுத் தங்கச்சி ஷீட்டில் நிலையை மாற்றுகிறார். நான் இரண்டு மாதம் போல எல்லோரையும் படிவத்துக்குள் இழுக்கப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். இப்போது திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் குரல் செய்தி வந்திருக்க வேண்டும், வராதவருக்குத் தங்கச்சி போன் போடுவார். அவருக்கு இதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்த முக்கால் மணி நேரத்தை அவர் வேலைப் பட்டியலில் எழுத்தாகவே சேர்த்துவிட்டோம். இல்லையென்றால் அது எல்லோருடைய வேலையாகி, யாரும் செய்யாத வேலையாகிவிடும்.

மென்பொருள் விளம்பரங்களில் எல்லோரும் நேரடியாக உள்ளே வந்து தாங்களே புதுப்பிப்பதாகக் காட்டுவார்கள். எங்களைப் போன்ற இடத்தில் அதை எதிர்பார்த்து எதையும் வாங்காதீர்கள். இப்போது பார்த்தால், 14 பேருக்கு உரிமம் தேவைப்படவே இல்லை. எழுதுபவர் ஒருவர், திருத்துபவர் ஒருவர். மற்றவர்கள் படிப்பவர்கள். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் ஆளுக்கு இவ்வளவு டாலர் என்ற பேச்சே வந்திருக்காது.

நடுவில் இரண்டு நெடுவரிசை கூட்டினோம். ஒப்புக்கொண்ட முடிவுத் தேதியை யாரும் மாற்றக் கூடாது. தள்ளிப்போனால் பக்கத்தில் 'புதிய தேதி', அதற்குப் பக்கத்தில் காரணம். காரணத்தை எழுத வேண்டாம், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம்: மழை, அனுமதி, இயந்திரம், பணம், ஊர்ப் பிரச்சினை, மற்றவை. இந்த இரண்டும் சுவர்த் தாளில் அச்சாகாது, ஷீட்டில் மட்டும். நிதி கொடுப்பவருக்குக் காலாண்டு அறிக்கை எழுதும்போது எல்லாத் தாமதத்தையும் மழை தலையில் கட்டுவதுதான் எங்கள் வழக்கம். பட்டியலை எண்ணிப் பார்த்தபோது மழை கீழே இருந்தது. முதலில் அனுமதி, அதை ஒட்டி இயந்திரம். பொக்லைன் நாங்கள் கேட்கும் அதே மாதங்களில்தான் எல்லோருக்கும் வேண்டும்.

அடுத்த தாளில் மாற்றப்போவது இரண்டு. ஒன்று, இயந்திரத்துக்குத் தனி வரிசை. கண்மாய் வாரியாகப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரிகிறது. பொக்லைன் வாரியாகப் பார்த்தால் ஒரே வாரத்தில் இரண்டு ஊரில் நிற்கிறது. அதற்காகக் கழிப்பறை வரிசைகளில் ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டும், அந்தச் சண்டை இனிமேல்தான்.

இரண்டாவது, தாளின் முதல் வாரம். நிதியாண்டு என்பதால் ஏப்ரலில் தொடங்கினேன். கணக்காளர் சாருக்கு அது வசதி. ஆனால் அப்படித் தொடங்கினால் மார்ச் 22 கிராம சபை தாளுக்கு வெளியே போய்விடுகிறது, எங்களுக்கு மிஞ்சுவது மே 1 என்ற ஒரே வாய்ப்பு. அது தவறினால் ஆகஸ்டுதான். பிப்ரவரி முதல் வாரத்தில் தொடங்கி ஜனவரி கடைசியில் முடியும் 52 வாரமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். நிதியாண்டு எங்கே முறிகிறது என்பதற்கு மார்ச் 31க்கு நேராக ஒரு தடித்த செங்குத்துக் கோடு போட்டுக் கொடுத்தால் போதும் என்று சார் சம்மதித்திருக்கிறார்.